ஹைவெல்ட் குளிரில் ஆசிரியர் வேலை: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் நாளை எப்படி வகுத்துக்கொள்கிறீர்கள்?

தாமிரபரணிக்காரன் (லெனேசியா அருகே)

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து வந்து, தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் மேட்டு நிலத்தில் உள்ள ஜோகன்னஸ்பர்க்கின் தெற்குப் பகுதியில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கணிதமும் அறிவியலும் கற்பிக்கிறேன். ஜனவரியில் கல்வியாண்டு தொடங்கியபோது மாலை ஏழு மணி வரை வெளிச்சம் இருந்தது. பள்ளியிலிருந்து வந்து, கடைக்குப் போய், சமைத்து, சிறிது நடந்துவிட்டு வந்து விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாலும் பொழுது மிச்சமிருக்கும். ஜூனில் அந்த வசதி போய்விட்டது. சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்புதான் எழுகிறது; மாலை ஐந்தரைக்குள் மறைந்துவிடுகிறது. ஏழரைக்கு மணி அடிக்கும் பள்ளிக்கு இருட்டிலேயே எழுந்து கிளம்ப வேண்டியிருக்கிறது.

புதிதாக வரவிருக்கும் நண்பர்களிடம் ஜூலை அதிகாலையில் சராசரியாக 4 டிகிரி, நண்பகலில் 16 அல்லது 17 டிகிரி என்று சொன்னால், "ஊட்டி மாதிரிதானே?" என்று கேட்கிறார்கள். ஊட்டிக்குப் போகிறவர் இரண்டு நாளில் இறங்கிவிடுவார். இங்கே அந்தக் குளிருக்குள்தான் அரையாண்டுத் தேர்வும் மதிப்பெண் பட்டியலும் வந்து நிற்கின்றன. மேலும், இங்குள்ள வீடுகள் பெரும்பாலும் கோடையை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. ஒற்றைக் கண்ணாடிச் சன்னல், டைல்ஸ் பதித்த தரை, வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. பகல் பதினொரு மணிக்கு முற்றத்தில் சட்டையோடு நிற்கலாம். அதே நேரத்தில் படுக்கையறைக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது.

ஆகவே இங்கே குளிர்கால நாளை வெயிலைப் பார்த்துத்தான் வகுக்க வேண்டும் என்பது என் கட்சி. பள்ளி முடிந்து மூன்று மணிக்கு வந்தால், மறைவதற்குள் இரண்டரை மணி நேர வெயில் கையில் இருக்கிறது. துணி உலர்த்துவது, கடைக்குப் போவது, நடப்பது ஆகிய மூன்றையும் அதற்குள் முடித்துவிடுகிறேன். இருட்டிய பிறகு நடைப்பயிற்சி என்ற பேச்சே இந்த ஊரில் எடுக்க முடியாது. காரணம் குளிர் மட்டுமன்று என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். திருத்தும் வேலையும் பாடத்திட்டமும் விளக்கு வெளிச்சத்திற்கு உரியவை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதினால் எனக்கு மட்டுமன்றி அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கும் உதவும்.

டர்பன் கடற்கரை

குளிரா? இங்கே ஜூலைப் பகலில் 22, 23 டிகிரி. தெற்குக் கடற்கரையோரம் மத்தி மீன் கூட்டம் வருகிற காலம் இது. எங்கள் ஆசிரியர் அறையில் இப்போதைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. மேட்டு நிலத்தில் வேலை எடுத்தவர்கள் இடமாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள் என்பதைத் தவிர நான் சொல்ல எதுவுமில்லை.

சாட்ஸ்வர்த் பெரியவர்

டர்பன் தம்பியின் கிண்டல் இருக்கட்டும். நான் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். ஓய்வு பெறும்வரை பள்ளிகளில்தான் இருந்தேன். அதில் ஒரு பகுதி நியூகாசிலிலும், பிறகு பெனோனியின் ஆக்டன்வில்லிலும் கழிந்தது. ஆகையால் இரண்டு குளிரையும் அறிவேன்.

தாமிரபரணித் தம்பி வெயிலைப் பார்க்கச் சொன்னது சரி. ஆனால் வெயில் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அவர் எழுதவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது உடனே மனத்தில் பதிவதும் இல்லை. ஜோகன்னஸ்பர்க் தெற்கே 26 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21 அன்று நண்பகலில் சூரியன் வடக்கு வானில் ஏறத்தாழ 40 டிகிரி உயரத்தில் நிற்கும். அதனால் வடக்குப் பார்த்த சன்னல் வழியாக வெயில் அறைக்குள் வெகுதூரம் வந்து விழும். தெற்குப் பக்கத்து அறைகள் குளிர்காலம் முழுவதும் வெயிலையே காண்பதில்லை. ஊரில் வாஸ்துவுக்காக வடக்குப் பார்த்த வீடு கேட்பார்கள்; இங்கே கேட்பதற்கு வானசாத்திரமே போதும். வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் கோடையில் பார்த்தாலும், எழுதும் மேசையும் கட்டிலும் வடக்குப் பக்க அறைகளில் அமையுமா என்று கவனித்துக்கொள்ளுங்கள். தெற்கு அறை ஒன்று கட்டாயம் இருக்குமானால், அதில் அரிசி மூட்டையையும் பெட்டிகளையும் வையுங்கள்.

பள்ளியிலும் இதே கதைதான். இடைவேளையில் பிள்ளைகள் எந்தச் சுவரோரம் சாய்ந்து நிற்கிறார்கள் என்று பார்த்தாலே திசை விளங்கிவிடும். நான் தலையாசிரியராக இருந்த இடத்தில், முதல் இரண்டு பாடவேளைகளுக்குப் பொடியன்களைத் தெற்கு வரிசை வகுப்பறைகளில் உட்கார வைக்காமல் கால அட்டவணையையே மாற்றினோம். ஏழரை மணிக்கு அந்த அறைகளில் பிள்ளைகளின் விரல் பேனாவைப் பிடிக்காது.

எர்மெலோ அக்கா

பெரியவர் சொன்ன விரல் விஷயத்தை நானும் வழிமொழிகிறேன். எர்மெலோவில் கணிதம் நடத்துகிறேன். இங்கே உறைபனி என்பது அன்றாடம். முதல் பாடவேளையில் எழுத்துத் தேர்வு வைத்தால், மதிப்பெண் கணிதத்துக்கா குளிருக்கா என்று தெரியாமல் போகும். அதனால் காலையில் வாய்க்கணக்கு, பலகைக்கு வந்து போடும் கணக்கு, இருவர் சேர்ந்து பேசித் தீர்க்கும் கணக்கு என்று வைத்துக்கொண்டு, எழுத்து வேலையைப் பத்து மணிக்கு மேல் தள்ளிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அதைக் கண்டும் காணாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தொப்பியின் நிறம் சீருடைக்கு ஒத்துப்போகவில்லை என்று ஜூலை மாதத்தில் பிள்ளையை வெளியே நிறுத்துகிற ஒழுங்கின்மீது எனக்கு மரியாதை கிடையாது.

இனி, யாரும் எழுதாத பெரிய பிரச்சினைக்கு வருகிறேன்: இட்லி மாவு. சிரிக்க வேண்டாம். தனியாக இருக்கும் ஆசிரியருக்கு வாரத்தின் காலை உணவு ஒழுங்காக நடந்தால்தான் மற்றவை நடக்கும். அந்த ஒழுங்கு மாவு புளிப்பதில் இருக்கிறது. இரவில் சமையலறை பத்து டிகிரிக்கும் கீழே போய்விடுகிற வீட்டில், ஆட்டி வைத்த மாவு மறுநாள் காலையிலும் அப்படியே படுத்துக் கிடக்கும். அடுப்பின் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைப்பது பலர் சொல்லும் வழி. புதிய ஓவன்களில் உள்ள எல்இடி விளக்கு சூடே தருவதில்லை. நான் செய்வது இது. இந்நாட்டில் பிராய் என்னும் திறந்தவெளிச் சுட்ட இறைச்சி விருந்துக்கு இறைச்சியும் பானமும் எடுத்துப்போகும் கூலர் பெட்டி எல்லோர் வீட்டிலும் இருக்கும். மாலை ஆறு மணிக்கு மாவை ஆட்டி, பாதி உயரத்துக்கு மேல் போகாதபடி பாத்திரத்தில் ஊற்றி, அதைப் பெட்டிக்குள் இறக்கி, இரு பக்கமும் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களை நிறுத்தி, மேலே பழைய துண்டைப் போட்டு மூடிவிடுவேன். படுக்கப் போகும்முன் வெந்நீரை ஒருமுறை மாற்ற வேண்டும். காலை ஆறு மணிக்கு மூடியைத் திறந்தால் புளிப்பு வாசனை முகத்தில் அடிக்கும். கரண்டியை விட்டால் நுரை உடைகிற சத்தம் கேட்கும். அரிசிக்குக் கவலையில்லை, இங்கே எந்தக் கடையிலும் புழுங்கலரிசிதான் முதலில் கண்ணில் படும். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்த்து ஊறவைத்தால் போதும்.

தயிர் உறைய வைக்கவும் இதே பெட்டி ஆகும். பெட்டி இல்லாதவர்கள் மாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். புளித்த பால் என்று தள்ள வேண்டாம், உப்பும் பச்சை மிளகாயும் போட்டுச் சோற்றில் பிசைந்தால் நம் மோர்ச் சோறுதான்.

கேள்விக்குறி

எல்லோரும் அட்டவணை போடுகிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டோரியாவில் இது எனக்கு முதல் குளிர்காலம் அன்று. வெயிலில் துணி உலர்த்தினால் துணி உலரும். மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டியபின் மறுநாள் காலை வரை யாரோடும் ஒரு சொல் பேசாத பன்னிரண்டு மணி நேரத்தை எந்த அட்டவணையில் போடுவது? ஊரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஆசிரியர்கள் பலர் ஜூலையில்தான் திரும்பிப் போகும் முடிவை எடுக்கிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அரையாண்டு விடுமுறை மூன்று வாரம். பன்னிரண்டாம் வகுப்புக்கான குளிர்காலச் சிறப்பு வகுப்புகள் இருப்பவர்களுக்காவது போக ஓர் இடம் இருக்கிறது. மற்றவர்கள் மின்கம்பளிக்குள் கிடந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்கு என்று நாம் சொல்வது பாதி நேரம் தனிமைக்குப் போட்ட போர்வைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாமிரபரணிக்காரன்

கோபிக்க என்ன இருக்கிறது? நீங்கள் சொன்ன பன்னிரண்டு மணி நேரம் எனக்கும் உண்டு. ஆனால் அதைக் குறுக்க ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஊர் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. இங்கே மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டும்போது அங்கே இரவு ஒன்பதரை; அம்மாவும் அப்பாவும் சாப்பிட்டு முடித்துத் தூங்கும் நேரம். அந்நேரத்தில் பேசினால் இரண்டு நிமிடத்தில் "சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று முடிந்துவிடும். அதற்குப் பதிலாகக் காலை ஐந்தரைக்குப் பேசுகிறேன். அங்கே ஒன்பது மணி, அப்பா செய்தித்தாளோடும் அம்மா கீரை ஆய்ந்துகொண்டும் இருப்பார்கள். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நான் காபி வைப்பேன். ஊரில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எதிர்வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்ற சேதியெல்லாம் தானாக வரும். மாலைப் பேச்சைக் காலைக்கு மாற்றியபின், இருட்டில் எழுந்திருப்பது எனக்குப் பாரமாக இல்லை.

அறிவியல் ஆசிரியர்களுக்கு இன்னொரு சங்கதி. ஹைவெல்டில் மழை கோடையில்தான். குளிர்காலக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. உதடு வெடிக்கிறது, மூக்கில் ரத்தம் கசிகிறது, கம்பளியைக் கழற்றும்போது இருட்டில் பொறி பறக்கிறது. நிலைமின்னியல் பாடத்துக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஊரில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்குவதற்குள் கை ஓய்ந்துவிடும், புழுக்கத்தில் மின்னூட்டம் நிற்காது. இங்கே பிளாஸ்டிக் அளவுகோலைக் கம்பளியில் நாலு தேய்ப்புத் தேய்த்தால், குழாயிலிருந்து மெல்லியதாக விழும் தண்ணீரே வளைகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். வருட இறுதிக்கு வைத்திருக்கும் செய்முறை ஏதேனும் இருந்தால் முன்னே கொண்டுவந்துவிடுங்கள்.

மாரிட்ஸ்பர்க் சனிக்கிழமை வகுப்பு

கேள்விக்குறி அண்ணனுக்கு என் பதில் இது. நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்தவள். என் தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முன்னோர் 1860ஆம் ஆண்டுக்குப் பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். இப்போது வீட்டில் ஆங்கிலம்தான். அதனால் சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கிறோம். இந்நாட்டு அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் சட்டம் வகுப்பு எடுக்க வராது; ஆள்தான் வர வேண்டும். எங்களுக்கு எப்போதும் குறைவாக இருப்பது சரளமாகத் தமிழ் பேசுகிற ஆசிரியர்.

குளிர்காலத்தில் வகுப்பை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கு மாற்றிவிடுவோம். மண்டபத்துக்குள் சிமெண்டுத் தரை காலைக் கடிக்கும் என்பதால், பாயை வெளியே எடுத்துப்போட்டு, வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து படிக்கிறோம். மணலைப் பரப்பி விரலால் எழுதுவது இங்கே நன்றாக வருகிறது. நான்கு வயதுக் குழந்தையும் 'ழ'வின் சுழியைச் சிரித்துக்கொண்டே போடுகிறது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பாட்டிமார்களும் பின்வரிசையில் உட்கார்ந்து சேர்ந்து எழுதுவார்கள். முடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. ஊரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் ஒரு சனிக்கிழமை வந்தாரானால், அடுத்த வாரத்திலிருந்து அவரை வீட்டுக்குள் தனியாக உட்கார எங்கள் அம்மாக்கள் விடமாட்டார்கள்.

ஆடி மாதம் வந்துவிட்டால் இன்னும் நல்லது. வார இறுதிகளில் கோவில்தோறும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். கேழ்வரகுக்குப் பதிலாக இங்கே மீலி எனப்படும் மக்காச்சோள மாவு, அதோடு புளித்த பால், நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். விடியற்காலையில் வந்து வெங்காயம் நறுக்க ஆள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் குளிரும் தெரியாது.

கேள்விக்குறி

தங்கச்சி, உங்கள் தமிழில் பிழை எதுவும் இல்லை. பிரிட்டோரியாவில் லாடியத்திலும் இப்படி வகுப்பு நடக்கிறதா என்று விசாரிக்கிறேன். ஆனாலும் ஒன்று: இது அட்டவணை என்பதைவிட அழைப்பு. அழைக்க ஆள் இருக்கிற ஊரில் குளிர்காலம் வேறு மாதிரிதான் இருக்கும் என்பதில் என் கருத்து மாறவில்லை.

சாட்ஸ்வர்த் பெரியவர்

அழைப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் செப்டம்பர் வந்துவிடும், தம்பி. இங்குள்ள நம்மவர்களுக்கு ஊரிலிருந்து வந்தவரிடம் போய்ப் பேசக் கூச்சம் உண்டு. தங்கள் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற பயம். நீங்கள்தான் முதலில் போக வேண்டும். போய் வெங்காயம் நறுக்கக் கத்தி கேளுங்கள், போதும்.

இனிச் செலவுக் கணக்கு. முன்பணம் கட்டி இருபது இலக்க எண்ணை மீட்டரில் அழுத்துகிற மின்சாரம்தான் பெரும்பாலான வாடகை வீடுகளில். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் இரண்டு யூனிட் தின்னும். மின்கம்பளி இரவு முழுவதும் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடுவது அரிது. எனவே அறையைச் சூடாக்குவதை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குங்கள். குளிர்காலத்தில் மின்சாரத்தை அதிகம் இழுப்பது கீசர். காலையும் மாலையும் குளிக்கும் நம் பழக்கத்தில் ஒன்றையாவது குறைத்துக்கொள்வது நல்லது என்று சொன்னால் ஊர்க்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். மாலை மூன்றரைக்கு, வெளியில் சூடு இருக்கும்போதே குளித்துவிடுவது உத்தமம்.

சுழற்சி மின்வெட்டு 2023இல் இருந்ததைப் போல இப்போது இல்லை. 2024 மார்ச் மாத இறுதியிலிருந்து பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. இருந்தாலும் உள்ளூர்ப் பழுதினால் மின்சாரம் போகும் என்பதால் பலர் ஒன்பது கிலோ உருளையோடு எரிவாயு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அதை எரிக்கும்போது சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள், எரியவிட்டுத் தூங்காதீர்கள். கரி போட்ட இம்பாவுலா என்னும் தகரக் கணப்பை எக்காரணம் கொண்டும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது உயிர்களைக் கொண்டுபோகிறது.

ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியை மார்ச், ஏப்ரலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள் இருமுகிற அறையில் நிற்கிறவருக்கு அது ஸ்வெட்டருக்கு முந்திய தேவை.

எர்மெலோ அக்கா

ஐயா சொன்னதோடு சமையலறைக் குறிப்பு ஒன்றையும் சேர்க்கிறேன். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் என்று காத்திருந்தால் எரிவாயுதான் தீரும். ஊரிலிருந்து வருகிறவர்கள் வேறு எதை விட்டுவந்தாலும் குக்கரை விட்டுவராதீர்கள். தேங்காய் எண்ணெய் மே முதல் செப்டம்பர் வரை கல்லாக இருக்கும். அகல வாய்ப் புட்டியில் மாற்றி வைத்துக்கொண்டால் கரண்டியால் எடுக்கலாம்.

தாமிரபரணிக்காரன்

மிக்க நன்றி. மேசையை வடக்குச் சன்னலுக்கு மாற்றிவிட்டேன். சனிக்கிழமை திருத்தும் வேலையை மட்டும் இனிப் பகலிலேயே, வெயிலில் உட்கார்ந்து செய்யப் போகிறேன். லெனேசியாவில் ஆடிக் கூழுக்குப் போவதாகவும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் உடனே கத்தி இருக்கிறதா என்று கேட்டார்.

இரண்டு கேள்விகள். எர்மெலோ அக்கா, மாவுக்கு எவ்வளவு பெரிய கூலர் பெட்டி வேண்டும்? பெரியவரே, இந்த அட்டவணையை எப்போது கலைப்பது?

எர்மெலோ அக்கா

ஒரு ஆளுக்கு இருபத்தைந்து லிட்டர் பெட்டி தாராளம். அதைவிடப் பெரியதாக வாங்கினால் உள்ளே வெற்றிடம் கூடி வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும். கிடைக்காவிட்டால் பழைய போர்வையை இடையில் திணித்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த் பெரியவர்

ஆகஸ்டில் கலைக்காதீர்கள். பகல் நீள்கிறது, மாத இறுதிக்குள் ஆறு மணியை ஒட்டித்தான் இருட்டும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்த மாதத்துக் காற்றும் புழுதியும் புல்வெளித் தீயின் புகையும் தனி. ஜோகன்னஸ்பர்க்கில் 2012 ஆகஸ்ட் 7 அன்று வெண்பனிகூட விழுந்தது. பிறகு 2023 ஜூலை 10 அன்றும் விழுந்தது. கம்பளியைப் பெட்டியில் போடுவது செப்டம்பர் பிறந்த பிறகு இருக்கட்டும். அந்த மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்தேர்வுகள் தொடங்கிவிடும், விடைத்தாள் மலையாகக் குவியும். ஆகவே உங்கள் வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே தயாரித்து, சரிபார்க்கும் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.